ஏங்க, இலை போட்டாச்சு

நடுவர் அவர்களே, இரண்டு அணியிலும் இருக்கிற பேச்சாளர்களே, கோயில் திடலில் பாய் விரித்து உட்கார்ந்திருக்கிற தாய்மார்களே, எல்லோருக்கும் வணக்கம். நேரம் குறைவு, விஷயத்துக்கு வந்துவிடுகிறேன்.

"பெற்றோர் மறைந்த பிறகும் குடும்பத்தைச் சேர்த்து வைப்பது பாசமா, சடங்கா?" இதுதான் தலைப்பு. நான் சடங்கு அணி. நாலு பக்கம் குறிப்பு எழுதிக்கொண்டுதான் வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தம்பி ஒரு வார்த்தை சொன்னார். அதற்கப்புறம் அந்தக் காகிதத்தை மடித்து வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "உயிரோடு இருந்தபோது அப்பாவுக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்காதவன், செத்த பிறகு மொட்டை மாடியில் நின்று கா கா என்று கத்தி வடை கொடுக்கிறான். காக்காவுக்கு வயிறு நிறைகிறது. அப்பாவுக்கு என்ன நிறைந்தது?" என்று கேட்டார். நீங்களும் கை தட்டினீர்கள்.

தம்பி, முதல் பாதியை நான் ஒப்புக்கொள்கிறேன். பெற்றவர்களைப் பட்டினி போடுகிறவன் மேல் எனக்கும் கோபம்தான். பிள்ளைகள் பார்த்துக்கொள்ளவில்லை என்றால் ஜீவனாம்சம் கேட்கலாம் என்று 2007-இல் சட்டமே போட வேண்டிய நிலைமை நம் நாட்டுக்கு வந்ததே, அதைவிட வெட்கம் உண்டா? அவனுக்காக வாதாட நான் இங்கே வரவில்லை. ஆனால் இரண்டாவது பாதி இருக்கிறதே, "அப்பாவுக்கு என்ன நிறைந்தது" என்ற கேள்வி, அதற்கு என் வீட்டு மொட்டை மாடியிலிருந்துதான் பதில் சொல்ல வேண்டும்.

எங்களுக்குக் கும்பகோணம் பக்கம். அப்பா அரிசி மண்டியில் கணக்குப்பிள்ளை. மண்டியில் மதியம் ஆள் மாற்றிவிட்டு வீடு வந்து சேர இரண்டரை மணி ஆகும். கிணற்றடியில் கால் கழுவிவிட்டுத் திண்ணையில் ஐந்து நிமிடம் உட்காருவார். உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வரும். "ஏங்க, இலை போட்டாச்சு." கொல்லையில் வாழை நின்றதால் எங்கள் வீட்டில் தினமும் இலைதான். நாற்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அம்மா அப்பாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவருக்கு அந்த வீட்டில் பெயரே "ஏங்க"தான்.

பத்து வருஷத்துக்கு முன்னால் ஒரு விடியற்காலையில் அப்பா போய்விட்டார். தூக்கத்திலேயே. அம்மா அழவில்லை. உறவுக்காரப் பெண்கள் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள், அப்போதும் அழவில்லை. கூடத்துத் தூணில் சாய்ந்து உட்கார்ந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, பதினாறு நாள். சாப்பாட்டைக் கையில் கொடுத்தால் சாப்பிடுவார், தண்ணீர் கொடுத்தால் குடிப்பார். நான் மடியில் தலை வைத்து "அம்மா, அம்மா" என்று கூப்பிட்டேன். என் தம்பி திருப்பூர் வேலையை விட்டுவிட்டு வந்து காலடியிலேயே கிடந்தான். எங்களிடம் இருந்தது எல்லாம் பாசம்தான், நடுவர் அவர்களே! மூட்டை மூட்டையாகப் பாசம். அந்தப் பாசத்தால் அம்மாவை ஒரு வார்த்தை பேச வைக்க முடியவில்லை.

பதினாறாம் நாள் கருமாதி. காலையில் காவிரிக் கரையில் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டு வந்தாயிற்று. வீட்டில் ஐம்பது அறுபது பேர். மாடியில் தலைவாழை இலை. சாதம், பருப்பு, வாழைக்காய்ப் பொரியல், உளுந்து வடை, பாயசம். தம்பி கூப்பிட்டான். "கா... கா... கா..." காக்கை வரவில்லை.

பெரியப்பா கூப்பிட்டார். எண்பது வயசிலும் கணீர் குரல். வரவில்லை. அத்தை ஓடி வந்தார். "வெத்தலை வெச்சீங்களாடா? எங்கண்ணனுக்கு வெத்தலை இல்லாம சோறு இறங்குமா?" சரி, கீழே ஓடிப்போய் அப்பாவின் வெற்றிலைச் செல்லத்தையே கொண்டுவந்து, தளிர் வெற்றிலை, சீவல், சுண்ணாம்பு எல்லாம் வைத்தோம். வரவில்லை. மாப்பிள்ளை, அதாவது என் வீட்டுக்காரர், "மாமாவுக்குக் காப்பிதான் பிடிக்கும்" என்றார். டிகாஷன் இறக்கி டம்ளர், டபராவோடு காப்பி வந்தது. வரவில்லை. சித்தப்பா இலையைத் தூக்கி மேற்குப் பக்கச் சுவரில் வைத்துப் பார்த்தார். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டி மேல் மூன்று காக்கைகள் வரிசையாக உட்கார்ந்து எங்களையே பார்க்கின்றன. இறங்குவேனா என்கின்றன!

மணி ஒன்றரை. கீழே ஐம்பது பேர் பசியோடு இருக்கிறார்கள். காக்கை எடுக்காமல் யாரும் பந்தியில் உட்காரமாட்டார்கள். அத்தைக்குக் கண் கலங்கிவிட்டது. "அண்ணனுக்கு ஏதோ மனக்குறை" என்றார். தம்பி என் முகத்தைப் பார்க்கிறான், நான் அவன் முகத்தைப் பார்க்கிறேன்.

அப்போதுதான் படியில் சத்தம் கேட்டது. மூட்டுவலியால் நாலு வருஷமாக மாடி ஏறாத அம்மா. ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, நின்று நின்று ஏறி வருகிறார். எல்லோரும் விலகி நின்றோம். அம்மா இலையைப் பார்த்தார். சித்தப்பா தூக்கி வைத்ததில் இலை திரும்பிப் போயிருந்தது. நுனி இடது கைப் பக்கம் வரும்படி திருப்பி வைத்தார். சிந்திக் கிடந்த சோற்றைச் சேர்த்தார். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு தண்ணீர்த் தொட்டிப் பக்கம் பார்த்து, "ஏங்க..." என்றார். "இலை போட்டாச்சு. வாங்க."

இன்னொரு முறை சொல்கிறேன், கடைசி வரிசையில் இருக்கிறவர்களுக்கும் கேட்க வேண்டும். நாங்கள் இத்தனை பேரும் ஒரு மணி நேரமாகக் காக்கையைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தோம். அம்மா அப்பாவைக் கூப்பிட்டார்.

அப்படியே அந்தச் சுவர் ஓரத்தில் உட்கார்ந்து அழுதார் பாருங்கள், பதினாறு நாள் அழுகையும் ஒன்றாக வந்தது. நானும் தம்பியும் இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டோம். நாங்கள் அழுதுகொண்டிருக்கும்போதே, யாரும் கவனிக்காத நேரத்தில், காக்கை வந்து வடையை எடுத்துவிட்டது.

தம்பி, அது அப்பாவா, காக்கையா என்று நீங்கள் கேட்கலாம். அது என் நம்பிக்கை, அதை உங்கள் மேல் சுமத்தமாட்டேன். ஆனால் என்ன நிறைந்தது என்று கேட்டீர்களே, அம்மாவுக்கு நிறைந்தது. போனவரை ஒரே ஒரு முறை, வாய்விட்டு, வழக்கம்போலச் சாப்பிடக் கூப்பிடுவதற்கு இந்த உலகத்தில் அவருக்கு வேறு எந்த இடம் இருந்தது? கூடத்தில் உட்கார்ந்துகொண்டு அப்படிக் கூப்பிட்டிருந்தால் புத்தி பேதலித்துவிட்டது என்றிருப்போம். அந்த மாடியும் அந்த இலையும்தான் இடம் கொடுத்தன.

எல்லாச் சடங்கையும் நான் தூக்கிப் பிடிக்கவில்லை. புருஷனை இழந்தவளை நடுவில் உட்கார வைத்துப் பூவையும் பொட்டையும் பறிக்கிறார்களே, அது சடங்கு இல்லை, கொடுமை. என் அம்மாவுக்கு அதைச் செய்ய நாங்கள் விடவில்லை. பொட்டோடுதான் மாடி ஏறினார்.

காக்கையைக் கேலி செய்கிறீர்களே, "காக்கை கரவா கரைந்துண்ணும்" என்று வள்ளுவர் பாடினார் அல்லவா, அந்த 527-ஆவது குறள் எந்த அதிகாரத்தில் இருக்கிறது? சுற்றந்தழால். சொந்தக்காரர்களைச் சேர்த்துக்கொள்வதைப் பற்றிய அதிகாரம். கிடைத்ததை ஒளிக்காமல் நாலு பேரைக் கூப்பிட்டுச் சாப்பிடுகிற பறவையைத்தான் நம் முன்னோர் அப்பா அம்மா இடத்தில் வைத்தார்கள். இல்வாழ்க்கையைச் சொல்லும்போதும் 43-ஆவது குறளில் தென்புலத்தாரை, அதாவது மறைந்த முன்னோரை, முதலில் வைத்துவிட்டுத்தான் தெய்வத்தையே சொல்கிறார். இது ஒரு மதத்து விஷயமும் இல்லை. நவம்பர் 2 அன்று கல்லறைத் தோட்டத்துக்குப் போய்ப் பாருங்கள், சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த பிள்ளைகள் புல் பிடுங்கி, பூ வைத்து, மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருப்பார்கள். கபருஸ்தானில் வாப்பாவின் கபர் முன்னால் கையேந்தி துஆ கேட்கிற மகனைப் பாருங்கள்.

பாசம் நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லும். சடங்கு தேதி வைத்திருக்கிறது. தை அமாவாசை, ஆடி அமாவாசை, புரட்டாசியில் மகாளய அமாவாசை. இந்த மூன்று நாளும் என் தம்பி திருப்பூரிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வருகிறான். நடுவில் எனக்கும் அவனுக்கும் வீட்டுப் பங்கு விஷயத்தில் மனஸ்தாபம் வந்து எட்டு மாதம் பேச்சில்லை. அப்போதும் வந்தான். என்னோடு பேசாமல் வாழை இலை அறுத்தான். நான் பேசாமல் வடை தட்டினேன். மாடியில் அம்மா "ஏங்க" என்றதும் இரண்டு பேரும் கீழே இறங்கி ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிட்டோம். "அக்கா, இன்னும் கொஞ்சம் ரசம்" என்றான். அத்தோடு தீர்ந்தது.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. ஒரே நிமிடம்.

அம்மாவும் போய் இரண்டு வருஷம் ஆகிவிட்டது. தலைத் திவசம் முடிந்து வந்த முதல் ஆடி அமாவாசை. மாடியில் இரண்டு இலை போட்டோம். போட்டுவிட்டு நின்றோம். கா கா என்று கத்த எனக்கு வாய் வரவில்லை. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். எங்கள் வீட்டில் கூப்பிடுகிறவர் இப்போது அந்த இலைக்கு வரவேண்டியவர் ஆகிவிட்டாரே, யார் கூப்பிடுவது?

தம்பி மகளுக்கு அப்போது ஆறு வயசு. தாத்தாவைப் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு அமாவாசைக்கும் பாட்டி இடுப்பில் உட்கார்ந்து பார்த்த பிள்ளை. காக்கையை எல்லா வீட்டிலும் அப்படித்தான் கூப்பிடுவார்கள் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தாள். இலையின் நுனி எந்தப் பக்கம் என்று பார்த்தாள். பாவாடையில் கையைத் துடைத்துக்கொண்டாள்.

"ஏங்க, இலை போட்டாச்சு. ரெண்டு இலை போட்டிருக்கோம், வாங்க."

வணக்கம்.