படிவத்தில் எழுதப்படாத மனநிறைவு

(மலேசியாவின் பினாங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

பினாங்கு பொது மருத்துவமனைக்காக விடிவதற்குள் பட்டர்வொர்த்திலிருந்து புறப்பட்டு வருகிறவர்கள் இந்த மண்டபத்திலும் இருப்பீர்கள். உங்கள் மனநிறைவை அரசாங்கம் அளக்கும் விதத்தைப் பற்றித்தான் இன்று பேச விரும்புகிறேன்.

1993இல் நம் பொதுச் சேவையில் வாடிக்கையாளர் சாசனம் வந்தது; மக்களுக்கு எந்தச் சேவை எப்படிக் கிடைக்கும் என்று ஓர் அலுவலகம் எழுத்தில் தரும் உறுதிமொழி அது. 1996இல் ஐஎஸ்ஓ என்ற பன்னாட்டுத் தரமுறை வந்தது. சாசனம் நல்ல காரியம். இத்தனை நிமிடத்தில் மருந்து கிடைக்கும் என்று சுவரில் எழுதி மாட்டிய பிறகு, ஏன் தாமதம் என்று கேட்கும் துணிவு நமக்கு வந்தது. தொடர் மருந்தைத் தபாலில் அனுப்பும் ஏற்பாடு அதைவிட நல்லது. முதியவர்களுக்கு ஒரு நாள் அலைச்சலே மிச்சம்.

ஆனால் சேவை திருப்தியா என்று நம்மிடம் கேட்கும் கருத்துப் படிவம்? ஓர் அரசு கிளினிக்கில் மூதாட்டி ஒருவர் அதை நிரப்பியதை அருகில் இருந்து பார்த்தேன். பேரன் மலாயில் வாசித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, "எல்லாவற்றுக்கும் நல்லது என்றே போடு அய்யா, நம்மை இவ்வளவு பார்க்கிறார்களே" என்றார். மடியில் மூன்று மாத்திரை உறைகள். எதை இரவில் விழுங்குவது என்று இருவருக்குமே தெரியவில்லை. அந்தத் தாளைப் பொறுத்தவரை அவருக்குக் குறையே இல்லை! அவருடைய நன்றியுணர்வை நம் சேவையின் வெற்றியாகக் கணக்கெழுதுவது எனக்குப் பொறுக்கவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். 1996இல் அரசு மருத்துவமனைகளின் துப்புரவு, சலவை உள்ளிட்ட ஐந்து துணைச் சேவைகள் தனியார் நிறுவனங்களுக்கு ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டன. அங்கே தரை துடைப்பவர்களில் நம் பெண்கள் பலர். எழ முடியாத நோயாளிக்குத் தண்ணீர்க் குவளையை எட்டிக் கொடுப்பதும் பல நேரம் அவர்கள்தாம். வார்டைப் பற்றி நோயாளி வீட்டில் போய்ச் சொல்லும் நல்ல வார்த்தையில் பாதி அவர்கள் சம்பாதித்தது. அவர்களின் சம்பளத்தையும் பணிப் பாதுகாப்பையும் விட்டுவிட்டுச் சேவைத் தரம் பேசுவது நியாயமில்லை.

2023இல் சுகாதார வெள்ளை அறிக்கையை நாடாளுமன்றம் ஏற்றது. அது 15 ஆண்டுக்கான சீர்திருத்தத் திட்டம். ஆகவே கேட்க வேண்டியதை இப்போதே கேட்போம். படிவம் தமிழிலும் வேண்டும். "திருப்தியா?" என்பதோடு "மருந்தை எப்படிச் சாப்பிடுவது என்று விளங்கியதா?" என்ற கேள்வியும் அதில் வேண்டும். அரசு சுகாதார கிளினிக்குகளில் பொதுமக்கள் இடம்பெறும் ஆலோசனைக் குழுக்கள் இருக்கின்றன. அவற்றில் உட்கார்ந்து இதைப் பேச உங்களில் சிலராவது பெயர் கொடுங்கள்.