ஆன்லைன்ல பாட்டு சொல்லித்தரப் போறீங்களா? பணம் கட்டுறதுக்கு முன்னாடி பாருங்க

[திரையில்: கூடத்துல ஒரு சுருதிப் பெட்டி, எதிரே ஸ்டாண்டுல மொபைல்]

கிருஷ்ணகிரி பழையபேட்டையில எனக்குத் தெரிஞ்ச பாட்டு டீச்சர் ஒருத்தங்க, ஒரு வருஷத்துப் பணத்தைக் கட்டி ஆன்லைன் தளம் ஒண்ணு வாங்கிட்டாங்க. சர்டிபிகேட், பேட்ஜ், லீடர்போர்டு எல்லாம் உண்டு. பிள்ளை பாடி அனுப்ப மட்டும் வழியே இல்ல. "சரளி வரிசைக்கு எதுக்குப்பா லீடர்போர்டு?"ன்னு அவங்களே சிரிச்சாங்க. சரளி வரிசைன்னா பாட்டுல முதல்ல சொல்லித்தர்ற ஸ்வரப் பயிற்சி.

முதல் நாள் நேரலையில 12 பிள்ளைங்க ஒண்ணா பாடினாங்க. திருவிழாக் கூட்டத்துல மாட்டின மாதிரி இருந்துச்சு. பிள்ளைங்க மேல தப்பில்ல, கணக்கு அப்படி.

[திரையில்: எட்டு எண்ணிக்கை ஆதி தாளம்]

ஒரு எண்ணிக்கைக்கு ஒரு செகண்ட்னு வைங்க. மூணாம் காலத்துல, அதாவது மூணாவது வேகத்துல, எண்ணிக்கைக்கு நாலு ஸ்வரம், அதாவது ஸ்வரத்துக்கு 250 மில்லி செகண்ட். வீடியோ காலில் சத்தம் போய்ச்சேர 150 மில்லி செகண்ட், திரும்பி வர 150ன்னு வைங்க. பிள்ளையோட 'ஸ' காதுல விழும்போது டீச்சர் 'ரி'க்குப் போயிருப்பாங்க. எவ்ளோ நல்ல நெட் போட்டாலும் இந்தத் தாமதம் முழுசா ஒழியாது. அதனால நேரலையில ஒருத்தர் பாட, மத்தவங்க மியூட். சேர்ந்து பாடுறது நேர்ல வரும்போதுதான்.

இன்னொண்ணு. டீச்சர் சுருதிப் பெட்டி போட்டிருந்தாங்க, அந்தப் பக்கம் கேக்கவே இல்ல. விடாம ஒரே மாதிரி வர்ற சத்தத்தை ஃபேன் சத்தம்னு நினைச்சு ஆப் வடிகட்டிடும். ஜூம் ஆடியோ செட்டிங்ஸ்ல 'ஒரிஜினல் சவுண்ட் ஃபார் மியூசிஷியன்ஸ்'னு இருக்கும், அதைப் போடுங்க. இலவசக் கணக்குல 40 நிமிஷத்துல கூட்டம் முடிஞ்சிடும், அதுக்குத் தகுந்த மாதிரி பாடம் வைங்க.

[திரையில்: மாணவி இயர்போனோட பாடுறா]

என்னைக் கேட்டா, முதல் வசதி வீட்டுப்பாடப் பதிவுதான். ஒரு காதுல சுருதி, இன்னொரு காது திறந்திருக்கணும், மூணு நிமிஷம் பாடி அனுப்பணும். டீச்சர் கேட்டுட்டு, "1:20ல காந்தாரம் ('க') இறங்குது"ன்னு நிமிஷத்தைச் சொல்லித் திருத்தணும். ஓசூர்ல நிறைய வீட்டுல அப்பா அம்மாவுக்கு ஷிப்ட் வேலை, வாராவாரம் நேரம் மாறும். பதிவுன்னா எப்ப வேணா அனுப்பலாம். இடம் அடைக்குமோன்னு பயப்படாதீங்க: 64 கேபிபிஎஸ் ஆடியோவுல மூணு நிமிஷம் ஒன்றரை எம்பிக்கும் கம்மி. 20 பேர் வாரம் ஒண்ணு அனுப்பினா, வருஷத்துக்கு சுமார் 1.5 ஜிபி.

வாட்ஸ்ஆப்லயே அனுப்பலாமேன்னு கேப்பீங்க. அனுப்பலாம். ரெண்டு மாசம் கழிச்சு முதல் வாரப் பதிவைத் தேடிப் பாருங்க, அப்ப தெரியும். கூகுள் கிளாஸ்ரூம்ல பாடவாரியா ஆளுக்கு ஆள் தனித்தனியா நிக்கும், ஆரம்பத்துக்கு இது போதும். நம்ம சர்வர்லயே பாடத்தளம் அமைக்கிற மூடுல் மென்பொருளும் இலவசம்தான், ஆனா சர்வர் செலவும் பராமரிப்பும் உங்க தலையில. கட்டணத்துக்கு யுபிஐ கியூஆர் ஒண்ணு போதும்.

பதிவு செய்யும் பாடத்துல சுருதியைப் பாருங்க. கட்டைன்னா பாடுற சுருதியோட அளவு. டீச்சர் 5 கட்டையில பாடி வெச்சா, 1 கட்டையில பாடுற பெரிய பையன் என்ன பண்ணுவான்? ரெண்டு தடவை பதியணும். வேற வழியில்ல.

ஸ்வரக் குறிப்பு இன்னொரு தலைவலி. மேல் ஸட்ஜமத்துக்கு, அதாவது மேல் 'ஸ'வுக்கு, மேல ஒரு புள்ளி. டைப் பண்ணினா 'ஸ்'னு மெய்யெழுத்து ஆயிடுது! கீழ் ஸ்தாயி ஸ்வரத்துக்கு (தாழ்ந்த ஸ்வரம்) கீழ வைக்கிற புள்ளி கீபோர்டுலயே கிடையாது. கையால எழுதி, போட்டோ எடுத்து, பிடிஎஃப் ஆக்குங்க. ஓசூர், தளி பக்கம் வீட்டுல தெலுங்கு, கன்னடம் பேசுற பிள்ளைங்க நிறைய, அவங்க எழுத்துலயும் ஒரு பிரதி வெச்சா நல்லது.

[திரையில்: ரெண்டு மொபைல், நடுவுல மூடின கதவு]

இன்னிக்கு ராத்திரி சுருதிப் பெட்டியைப் போட்டுட்டு, அடுத்த ரூம்ல இருக்கிற மொபைலுக்கு ஒரு கால் போடுங்க. கதவை மூடிட்டு, அங்க போய்க் கேளுங்க. சுருதி வருதான்னு கமெண்ட்ல சொல்லுங்க.