பணம் எங்கிருந்து வந்தது?

விழாத் தலைவர் அவர்களே, வாடகை வாங்காமல் இந்த அரங்கத்தைத் தந்த புரவலர் அவர்களே, எனக்கு முன்னால் அருமையாகப் பேசி அமர்ந்த டாக்டர் அம்மா அவர்களே, தமிழ்ப்பள்ளி ஆசிரியைகளே, காலையிலிருந்து நின்று சமைத்து நமக்கெல்லாம் சாப்பாடு போட்ட சகோதரிகளே, அட்லாண்டா வாழ் தமிழ்ச் சொந்தங்களே, எல்லோருக்கும் வணக்கம்.

மூன்று விஷயம் பேச வந்தேன். கறுப்பினப் பெண்கள் எப்படி நிதி திரட்டினார்கள், இன்று அவர்கள் நடத்தும் அமைப்புகளுக்கு ஏன் பணம் சேருவதில்லை, அந்தத் தலைவிகள் ஏன் சீக்கிரமே களைத்து விலகுகிறார்கள். ‘பாத்திரம் அறிந்து பிச்சையிடு’ என்பார்கள் நம் வீட்டுப் பெரியவர்கள். நாம் பாத்திரத்தைச் சரியாகப் பார்க்கிறோமா என்பதுதான் என் கேள்வி.

அலபாமாவில் இருக்கும் மாண்ட்கமரி நகரம் இங்கிருந்து காரில் இரண்டரை மணி நேரம்தான். 1955 டிசம்பரில், பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இருக்கையை விட்டுக்கொடுக்க மறுத்த ரோசா பார்க்ஸ் கைதானதும், அந்த ஊர்க் கறுப்பின மக்கள் பஸ்ஸில் ஏறுவதில்லை என்று முடிவெடுத்து 381 நாள் ஏறவில்லை. அந்தப் போராட்டத்தில் மார்ட்டின் லூதர் கிங் பேசியது நமக்கெல்லாம் தெரியும். சரி, வேலைக்குப் போகிறவர்களை ஏற்றி இறக்கிய கார்களுக்குப் பெட்ரோல் போடக் காசு கொடுத்தது யார்? அதில் ஒருவர் ஜார்ஜியா கில்மோர். உணவகத்தில் சமையல் வேலை பார்த்தவர். முதலில் போராட்டக் கூட்டத்துக்கு வந்தவர்களுக்குக் கோழி சாண்ட்விச் விற்றார், அப்புறம் தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு பொரித்த மீன், கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்கு பை என்று விற்க ஆரம்பித்தார். அந்தப் பெண்களில் பலர் வெள்ளைக்காரர் வீடுகளில் வேலை செய்தவர்கள், பெயர் வெளியே தெரிந்தால் அடுத்த நாளே வேலை போய்விடும். அதனால் குழுவுக்கு ‘எங்கிருந்தும் வராதவர்கள் சங்கம்’ என்கிற மாதிரி ஒரு பெயர் வைத்தார். பணம் எங்கிருந்து வந்தது என்று யாராவது கேட்டால் எங்கிருந்தும் வரவில்லை என்று சொல்லிவிடலாம், யார் எவ்வளவு தந்தார்கள் என்பது கில்மோருக்குத்தான் தெரியும்! கூட்டத்தில் அவர் எழுந்து அந்த வாரத் தொகையைச் சொன்னதும் எல்லோரும் எழுந்து ஆரவாரம் செய்வார்கள். ஊரின் இன்னொரு பக்கத்தில் ஐனெஸ் ரிக்ஸ் என்ற அம்மா போட்டிக்கு ஒரு குழு நடத்தினார், இந்த வாரம் யார் அதிகம் கொண்டுவந்தது என்று இரண்டு பக்கமும் ஒரே பரபரப்பு.

1956இல், இந்தப் பஸ் புறக்கணிப்புக்காகக் கிங் மீது போட்ட வழக்கில் அவர் பக்கம் சாட்சி சொன்னார் கில்மோர். உணவக வேலை போயிற்று. கிங் உதவியோடு வீட்டுச் சமையலறையையே பிழைப்பாக்கிக்கொண்டார். 1990 மார்ச்சில், வாக்குரிமைக்காக நடந்த செல்மா பேரணியின் 25ஆம் ஆண்டுக்கு வருகிறவர்களுக்காகச் சமைத்துக்கொண்டிருந்த நாளில்தான் அவர் இறந்தார். துக்கத்துக்கு வந்தவர்கள் சாப்பிட்டதும் அவர் சமைத்ததைத்தான்.

இன்றைக்கு அந்த அம்மா ஓர் அறக்கட்டளையிடம் போனால் மூன்று வருடத் தணிக்கைக் கணக்கு எங்கே, இணையதளம் எங்கே என்றுதான் கேட்பார்கள். பாத்திரம் அறிவது இதுவா?

2020இல் மிஸ் ஃபவுண்டேஷன் என்ற பெண்களுக்கான அறக்கட்டளை வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். அமெரிக்க அறக்கட்டளைகள் கொடுத்த 6,690 கோடி டாலரில் வெள்ளையரல்லாத பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் என்று போனது 0.5 சதவீதம், தலைக்கு வருடத்துக்கு 5 டாலர் 48 சென்ட். அதே வருடம், சமூக அமைப்புகளுக்கு நிதி தரும் எக்கோயிங் கிரீனும் ஆலோசனை தரும் பிரிட்ஜ்ஸ்பானும் சேர்ந்து, எக்கோயிங் கிரீனிடம் விண்ணப்பித்த அமைப்புகளை ஆராய்ந்தன. தன் விருப்பப்படி செலவு செய்யக்கூடிய இருப்பு, கறுப்பினத் தலைமை உள்ள அமைப்புகளிடம் வெள்ளையர் தலைமை உள்ளவற்றைவிட 76 சதவீதம் குறைவு.

நம் ஊரிலேயே, இதே அட்லாண்டாவில், ஃபியர்லெஸ் ஃபண்ட் என்ற முதலீட்டு நிறுவனம் கறுப்பினப் பெண்களின் சிறு தொழில்களுக்குத் தலா 20,000 டாலர் கொடுத்துவந்தது. மற்ற இனத்தவரை ஒதுக்குகிறது என்று 2023இல் அதன் மேல் வழக்கு. எந்தச் சட்டத்தின் கீழ் தெரியுமா? அடிமைத்தளையிலிருந்து விடுபட்டவர்களைக் காப்பாற்ற 1866இல் வந்த சட்டத்தின் கீழ். 2024இல் சமரசம் செய்துகொண்டு அந்தத் திட்டத்தையே மூடிவிட்டார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

மூன்றாவது விஷயத்துக்கு நேரமில்லை என்று தலைவர் சைகை காட்டுகிறார், மன்னிக்க வேண்டும். எங்கே போனாலும் நான் கேட்பதை மட்டும் கேட்டுவிடுகிறேன். நிபந்தனை போடாமல் கொடுங்கள். பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் வாங்க மட்டும் என்று எழுதிக் கொடுத்தால், அலுவலக வாடகையையும் கணக்கு எழுதுகிறவர் சம்பளத்தையும் அந்தத் தலைவி எங்கே போய்த் தேடுவார்? பாத்திரம் அறிந்துதான் கொடுக்கிறோம் என்றால், அறிந்த பிறகு நம்ப வேண்டாமா? நம்மில் பலரையும் இந்த நாட்டுக்குள் விட்ட 1965 குடியேற்றச் சட்டம், கறுப்பின மக்கள் நடத்திய போராட்டம் திறந்துவிட்ட வழியில் வந்தது. நீங்கள் கொடுக்கும் தொகைக்கு ஈடாக உங்கள் கம்பெனியும் போடும் என்றால், இந்த ஊரில் கறுப்பினப் பெண்கள் நடத்தும் அமைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து மாதாமாதம் போகிற மாதிரி வையுங்கள். படிவத்தில் எதற்குச் செலவிட வேண்டும் என்று கேட்கும் கட்டத்தில் ஒன்றும் எழுதாதீர்கள். நன்றி, வணக்கம்.