நாசிலில் காயக் கூடாது, தாளில் உடனே காய வேண்டும்: ஆர்ட் பேப்பரில் தண்ணீர் மை படும் பாடு

[திரையில்: ஆர்ட் பேப்பரில் அச்சான நீலக் கட்டம். ஒரு விரல் அதன் குறுக்கே இழுபடுகிறது.]

வணக்கம். வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் ஆர்ட் பேப்பரைக் கொடுத்து அச்சிட்ட நீலக் கட்டம் இது. நெடுநேரம் கழித்து விரலை வைத்து இழுத்தாலும் மை கூடவே வருகிறது. உருப்பெருக்கியில் பார்த்தால், சீராகப் பரவியிருக்க வேண்டிய நீலம் குட்டை குட்டையாகத் தேங்கி, இடையிடையே வெள்ளைத் திட்டுகள் தெரிகின்றன. இதே மை, மேற்பூச்சு இல்லாத சாதாரண மேப்லித்தோ தாளில் விழுந்திருந்தால் சில நொடிகளில் கையில் ஒட்டாத நிலைக்கு வந்திருக்கும். இந்த முரண்டை அடக்க வேதியியலாளர்கள் கையில் எடுத்தது, அடுப்பங்கரையில் பால் திரியும்போது நடக்கும் அதே வேலையை. அந்தப் பகுதி வரும்வரை வீடியோவைத் தள்ளிவிடாமல் பாருங்கள்.

தாளைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்ட் பேப்பரின் மேற்பரப்பில் கால்சியம் கார்பனேட்டும் கயோலின் களிமண்ணும் லேடெக்ஸ் பசையோடு கலந்து பூசப்பட்டு, உருளைகளுக்கு இடையே அழுத்தி மெருகேற்றப்பட்டிருக்கும். அது ஆப்செட் (தகடு வழி அச்சு) மைக்காகவே உருவான தாள். ஆப்செட் மை எண்ணெயால் ஆனது. அதன் படலம் ஏறத்தாழ ஒரு மைக்ரான் கனமே இருக்கும். அந்த எண்ணெயை இழுத்துக்கொள்ளப் பூச்சில் உள்ள நுண்துளைகளே போதும்.

இங்க்ஜெட் மையின் கணக்கு வேறு. அதன் பெரும்பகுதி தண்ணீர். நிறமி சில சதவீதம்தான். ஒரு சொட்டு 5 பிகோலிட்டர் (ஒரு பிகோலிட்டர் என்பது லிட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்கு) என்று வைத்துக்கொள்வோம்; அதன் விட்டம் சுமார் 21 மைக்ரான். 600 டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளி அடர்த்தியில் ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சொட்டு விழுந்தால், ஒரு சதுர மீட்டருக்கு 2.8 மில்லிலிட்டர் மை சேரும். பச்சை வேண்டுமென்று நீலத்தின் மேல் மஞ்சளை விட்டால் அது இரு மடங்கு. ஆர்ட் பேப்பரின் குறுகிய துளைகளால் இத்தனை நீரை வேகமாக உள்ளே இழுக்க முடியாது. அடுத்தடுத்த சொட்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்து ஓடுவதால்தான் அந்தக் குட்டைகள் உருவாகின்றன.

சூடேற்றினால் தீர்ந்ததே என்று கருத்துப் பகுதியில் எழுதக் கிளம்பியிருப்பீர்கள். ஒரு கிராம் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 100 டிகிரிக்குக் கொண்டுவர சுமார் 293 ஜூல் போதும். அதை ஆவியாக்கவோ மேலும் 2,257 ஜூல் தேவை. நிமிடத்துக்கு 150 மீட்டர் ஓடும் அச்சக இங்க்ஜெட் எந்திரத்தில் தாள் நொடிக்கு இரண்டரை மீட்டர் நகர்கிறது. அந்த அவகாசத்துக்குள் அத்தனை வெப்பத்தையும் திணித்தால் தாள் சுருங்கி நெளியும், பூச்சு மடிப்பில் வெடிக்கும், மின்கட்டணமும் எகிறும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. தாளில் சட்டென்று காய வேண்டிய அதே மை, அதைப் பீய்ச்சும், தலைமயிரை விட மெல்லிய நாசில் துளையில் காயவே கூடாது. ஆகவே கிளிசரின் போன்ற ஈரங்காப்பிகளைக் கலக்கிறார்கள். கிளிசரினின் கொதிநிலை 290 டிகிரி; மேப்லித்தோவில் அது நார்களுக்குள் இறங்கிவிடும், ஆர்ட் பேப்பரிலோ மேலேயே தங்கிப் பிசுபிசுக்கும். அதைக் குறைத்து, 188 டிகிரியில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைக்கால் போன்றவற்றைக் கூட்டினால் தாளில் நிலைமை சீராகிறது. ஆனால் நாசில் அடைபடும் அபாயம் ஏறுகிறது. கோடாக்கின் புராஸ்பர் எந்திரங்களில் மை இடைவிடாமல் பீய்ச்சப்பட்டு, அச்சுக்குத் தேவையற்றது திரும்பச் சுழற்சிக்குப் போவதால், அங்கே ஈரங்காப்பி குறைவாகவே போதும்.

[திரையில்: கொதிக்கும் பாலில் எலுமிச்சைச் சாறு விழுகிறது.]

இப்போது பாலுக்கு வருவோம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். சற்று நீளும், பொறுத்தருள்க. பாலில் கேசின் என்னும் புரதம் நுண்ணிய உருண்டைகளாக மிதக்கிறது. அவற்றின் மேற்பரப்பில் எதிர்மின்னூட்டம் இருப்பதால் ஒன்றையொன்று விலக்கிக்கொண்டே இருக்கின்றன. எலுமிச்சையின் அமிலம் அந்த மின்னூட்டத்தைத் தணித்ததும் உருண்டைகள் ஒன்றையொன்று பற்றிக்கொள்ள, பால் திரிந்து நீர் தனியே பிரிகிறது. சோயாப் பாலை டோஃபுவாக்குவோர் அமிலத்துக்குப் பதில் கால்சியம் உப்பைச் சேர்ப்பதும் உண்டு. மையில் உள்ள நிறமித் துகள்களும் ஏறத்தாழ 100 நானோமீட்டர் அளவில், பெரும்பாலும் எதிர்மின்னூட்டத்தோடுதான் மிதக்கின்றன. எனவே தாளின் மேல் கால்சியம் குளோரைடு போன்ற ஓர் உப்பை முன்கூட்டியே மெல்லியதாகப் பூசி வைத்தால், சொட்டு விழுந்த கணத்தில் கால்சியம் அயனிகள் அந்த மின்னூட்டத்தை அடக்கிவிட, நிறமி விழுந்த இடத்திலேயே திரண்டு நின்றுவிடுகிறது. மை இன்னும் காயவில்லை, தண்ணீர் அங்கேயேதான் இருக்கிறது. ஆனால் நிறம் இனி நகராது. காய்வதற்கு முன்பே நிலைக்கச் செய்துவிட்டால், உலர்த்தியை அவ்வளவு முடுக்க வேண்டிய அவசியமும் குறைகிறது.

ஆர்ட் பேப்பரின் பூச்சிலேயே கால்சியம் கொட்டிக் கிடக்கிறதே, தனி உப்பு எதற்கு? கால்சியம் கார்பனேட் தண்ணீரில் கிட்டத்தட்டக் கரைவதே இல்லை. அயனியாக வெளியே வராத கால்சியத்தால் நிறமிக்கு ஒரு பயனும் இல்லை. ஏ4 தாள் கட்டுகள் சிலவற்றின் உறையில் கலர்லாக் முத்திரையைப் பார்த்திருப்பீர்கள். நிறமியைப் பிடித்து நிறுத்தும் உப்பு அந்தத் தாளிலேயே சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதற்கான அடையாளம் அது. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு: கால்சியம் குளோரைடு காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் உப்பு. அளவு மிஞ்சினால், காயவைக்க வந்ததே தாளை ஈரமாக்கிவிடும். எஃகு பாகங்களையும் அரிக்கும்.

மையில் சேரும் மற்றவற்றை விரைவாகப் பார்ப்போம். தண்ணீரின் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்; சோப்பு போன்ற பரப்புவினைப் பொருள் கலந்து அதைப் பாதி அளவுக்கும் கீழே இறக்கினால்தான் மை தாளில் பரவும். நீர் போனபின் ஒன்றாக உருகி நிறமியை மூடும் பாலிமர் துகள்கள், நகம் பட்டாலும் பெயராத படலத்தைத் தருகின்றன.

2008இல் ஜெர்மனியின் டூசல்டார்ஃப் நகரில் நடந்த டுரூபா அச்சுத்தொழில் கண்காட்சியில் ஃபியூஜிஃபிலிம் காட்டிய ஜெட் பிரெஸ் 720, முதலில் தாளுக்கு ப்ரைமர் என்னும் முன்பூச்சைப் பூசி, பிறகு மையைத் திரளச் செய்யும் வழியில் சென்றது. 2012 டுரூபாவில் டிஜிட்டல் அச்சு எந்திரங்களை உருவாக்கிய பென்னி லாண்டா வேறொரு வழியைக் காட்டினார்: மை தாளில் விழாமல் சூடான பெல்ட்டில் விழும், தண்ணீர் அங்கேயே ஆவியாகும், சுமார் 500 நானோமீட்டர் கனமுள்ள உலர்ந்த படலம் மட்டும் தாளுக்கு மாறும். அழகான எண்ணம்தான், ஆயினும் அத்தனை பெரிய பெல்ட்டைப் பராமரிப்பதை விட, ப்ரைமரே தேவைப்படாத மையை உருவாக்குவதுதான் கெட்டிக்காரத்தனம் என்பது என் கட்சி. ஜப்பானின் ஸ்கிரீன் நிறுவனத்தின் எஸ்.சி. மை அந்த வகையைச் சேர்ந்தது. அதிலும் அடர்ந்த கறுப்புப் பின்னணி வந்தால் உலர்த்திக்குச் சுமை கூடத்தான் செய்யும். அச்சகத்தில் இத்தகைய எந்திரத்தை ஓட்டுபவர்கள், ஆர்ட் பேப்பர் ஏற்றும்போது வேகத்தை எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதைக் கீழே எழுதுங்கள்.