பனி படத்திலும் இருக்கட்டும்

(மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் இளையோர் புகைப்படக் கண்காட்சி ஒன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களுக்கும் படம் எடுத்த தம்பி தங்கைகளுக்கும் வணக்கம்.

சுவரில் மாட்டியிருப்பதை எல்லாம் ஒரு சுற்று பார்த்துவிட்டுத்தான் மேடைக்கு வந்தேன். நம் பிள்ளைகளுக்கு நல்ல கண் இருக்கிறது. ஆனால் பல படங்களில் வானம் மயில் கழுத்து நிறத்தில் இருக்கிறது. காலை ஏழரைக்கு இந்த ஊரில் அப்படி ஒரு வானத்தை நான் பார்த்ததில்லை. எடுத்தவரும் பார்த்திருக்கமாட்டார். அதைப் பற்றித்தான் இன்று பேச வந்தேன்.

நம் காலை எப்படிப்பட்டது? முன்னிரவு மழை விட்டு, வானம் தெளிந்து, காற்றும் அடங்கிவிட்டால் தரை சீக்கிரம் குளிரும். அதன் மேல் இருக்கும் ஈரக் காற்று பனிமூட்டமாகிவிடும். அந்த நீர்த்துளிகள் நம் கண்ணுக்கு மிகச் சிறியவை, ஒளியின் அலைநீளத்துக்கு மிகப் பெரியவை. அதனால் எல்லா நிறங்களையும் ஏறக்குறைய ஒரே மாதிரி சிதறடிக்கின்றன. பனி வெள்ளையாக இருப்பதும், அதற்குள் நிற்கும் மரமும் ஆளும் வெளுத்துப் போவதும் இதனால்தான். பால்மரக் காட்டில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நின்று பாருங்கள். கிட்டே உள்ள மரம் கறுப்பு. வெட்டுக் காயமும் பால் பிடிக்கத் தொங்கும் மங்குக் கிண்ணமும் துல்லியமாகத் தெரியும். அடுத்த நிரை சாம்பல். அதற்கும் அடுத்தது இருக்கிறதா இல்லையா என்று சந்தேகம்.

குளிர்ச்சியில்தான் பால் நன்றாக ஓடும் என்பதால் விடியும் முன்பே ஆள் கணக்கெடுக்கும் பெரட்டு முடிந்து ஆட்கள் காட்டுக்குள் போய்விடுவார்கள். என் அம்மா நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு அப்படிப் போனவர். கையில் கடிகாரம் கிடையாது. இருட்டும் பனியும் விலக விலக, எத்தனை மரம் தள்ளிப் பார்வை போகிறது என்பதை வைத்தே நேரம் சொல்வார். "நாலாவது மரம் தெரியுது, பொழுது ஏறிடுச்சு" என்பார். படத்தில் அந்த மூட்டத்தை எடுத்துவிட்டால் அம்மா பார்த்த பொழுது போய்விடுகிறது. ஏழு மணியும் பதினோரு மணியும் ஒன்றாகிவிடுகின்றன. இதுதான் என் வருத்தம்.

2015-இல் அடோபி நிறுவனம் மூட்டத்தைப் போக்குவதற்கென்றே படம் திருத்தும் தன் மென்பொருளில் 'டீஹேஸ்' என்ற வசதியைக் கொண்டுவந்தது. அதே ஆண்டுதான் சுமத்ரா, கலிமந்தான் தீயின் புகை இங்கே வந்து நம் பள்ளிக்கூடங்களை மூட வைத்தது. அந்தப் புகையைப் படத்திலிருந்து நீக்க யாருக்கும் மனம் வரும், தப்பில்லை. ஆனால் மென்பொருளுக்குப் புகையும் பனியும் ஒன்றுதான். இரண்டையும் குறையாகவே பார்க்கிறது. இப்போதைய கைப்பேசிகளோ, நாம் கை வைக்கும் முன்பே பல படங்களை ஒன்றாக்கி, நிழலை வெளிச்சமாக்கி, மங்கலைத் துலக்கிவிடுகின்றன. அதன் மேல் நாமும் நிறத்தைக் கூட்டி, கூர்மையைக் கூட்டி... வெளியே போகும்போது மலைப் படத்தைக் கிட்டே போய்ப் பாருங்கள். மலையின் விளிம்பை ஒட்டி ஒரு வெள்ளைக் கோடு ஓடும். அந்தக் கோடு எந்த மலையிலும் கிடையாது.

மென்மையா கூர்மையா என்ற சண்டை பழையது. கண் ஓரிடத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கிறது, படமும் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் புகைப்படக் கலைஞர் பீட்டர் ஹென்றி எமர்சன் 1889-இல் எழுதினார். அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் எட்வர்ட் ஸ்டைக்கன் 1904-இல் எடுத்த நிலவொளிக் குளத்தின் அச்சு ஒன்று 2006-இல் 29 லட்சம் அமெரிக்க டாலருக்கு மேல் ஏலம் போனது. மரங்கள், அவற்றின் பின்னே நிலா, தண்ணீரில் அதன் ஒளி, எல்லாமே மங்கலாக, அவ்வளவுதான் படம். 1932-இல் கலிபோர்னியாவில் ஆன்சல் ஆடம்ஸ், எட்வர்ட் வெஸ்டன் முதலியோர் இந்த மங்கலே வேண்டாம் என்று, படத்தைக் கூர்மையாக்கும் மிகச் சிறிய லென்ஸ் துளையின் பெயரில் 'எஃப் 64' குழுவைத் தொடங்கினார்கள். ஆடம்ஸின் மலைகள் எனக்கும் பிடிக்கும். அவரும் இருட்டறையில் வேலை செய்தவர்தான், ஸ்டைக்கனும் அச்சில் கையாலேயே நிறம் சேர்த்தவர்தான். படத்தைத் திருத்துவதே பாவம் என்று நான் சொல்லவில்லை. அங்கே இருந்த வெளிச்சத்தை நோக்கித் திருத்துகிறோமா, அதை விட்டு ஓடுகிறோமா என்று கேட்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். மென்மை என்றால் முகத்தை வழவழப்பாக்கும் அழகுச் செயலி அல்ல. நம் பாட்டிமார் முகத்தில் வெயிலும் வேலையும் எழுதிய சுருக்கங்களை அது அழித்துவிடுகிறது, தோலையும் வெளுப்பாக்குகிறது. பிறகு அந்தப் படத்துக்குத்தான் மாலை போடுகிறோம். பேரப்பிள்ளைகள் யாரை நினைவில் வைத்துக்கொள்வார்கள்? பாட்டியைக் காலையில் வாசலில், நிழலான பக்கத்தில் உட்கார வையுங்கள். மூட்டத்தின் வழியே வரும் வெளிச்சம் முகத்தில் கடுமையான நிழல் போடாது. சுருக்கமும் இருக்கும், அழகாகவும் இருக்கும்.

பால்மரம் போய் செம்பனை வந்து வெகு காலமாகிவிட்டது. தோட்டத் தொழிலாளர் லயங்கள் இருந்த பல இடங்களில் வீடமைப்புத் திட்டங்கள். மிச்சம் இருப்பதையாவது இருந்தபடி எடுத்து வைப்போம்.

சரி, எப்படி எடுப்பது? குளிர்சாதனக் காரை விட்டு இறங்கியதும் எடுக்காதீர்கள். லென்சில் நீராவி படியும், அது பனி இல்லை. கொஞ்ச நேரம் வெளியே வைத்திருந்து துடைத்துவிட்டு எடுங்கள். கேமரா எதைப் பார்த்தாலும் நடுத்தரச் சாம்பலாக்கப் பார்க்கும், அதனால் பனி அழுக்காக விழும். வெளிச்சத்தை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டுங்கள். கறுப்பாக ஏதாவது ஒன்று கிட்டே இருக்கட்டும், அப்போதுதான் தூரம் தெரியும். படத்தைப் புலனத்தில் (வாட்ஸ்அப்பில்) அப்படியே அனுப்பினால் மெல்லிய நிற மாற்றம் பட்டை பட்டையாகப் பிரிந்துவிடும். கோப்பாக அனுப்புங்கள்.

இப்போது எல்லோரும் கைப்பேசியை எடுங்கள். வெளிச்சத்தைக் கூட்டுவது எங்கே, தானாகத் துலக்குவதை நிறுத்துவது எங்கே என்று ஒவ்வொருவருக்கும் காட்டுகிறேன். முன்வரிசையிலிருந்து தொடங்கலாம்.