வாசலில் நின்று வேண்டாம் என்று சொல்வது யார்?

(மிஷிகன் மாநிலத்தில் தமிழ்ப் பெற்றோர் கூடிய ஒரு மாலையில் பேசியதன் எழுத்து வடிவம்)

பெரியவர்களுக்கும், பிள்ளைகளைக் கையோடு கூட்டி வந்திருக்கும் தாய்மார்களுக்கும் தகப்பன்மார்களுக்கும் வணக்கம்.

நம் மாநிலத்தில் ஆன் ஆர்பர் ஊரில் பயனியர் உயர்நிலைப் பள்ளி இருக்கிறது. 2015 மார்ச் மாதம் அங்கே பிள்ளைகளின் சேர்ந்திசை நிகழ்ச்சி நடந்தது. கேட்க வந்தவர்களில் ஒருவர் இடுப்பில் கைத்துப்பாக்கி இருந்தது. அதை அவர் மறைக்கவில்லை. எல்லார் கண்ணிலும் படும்படி வைத்திருந்தார். பார்த்தவர்கள் பதறினார்கள். ஆனால் மாநிலச் சட்டத்தைப் புரட்டினால் அவர் செய்தது குற்றமாகவில்லை. உரிமம் வைத்திருப்பவர் துப்பாக்கியைச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு பள்ளிக்குள் வந்தால் தப்பு. அதே மனிதர் அதே துப்பாக்கியை வெளியே தெரியும்படி கொண்டு வந்தால் தப்பில்லை. சட்டம் அப்படித்தான் எழுதப்பட்டிருந்தது.

அதன் பிறகு ஆன் ஆர்பர் பள்ளி வாரியம் தன் கட்டடங்களுக்குள் துப்பாக்கியே கூடாது என்று விதி போட்டது. துப்பாக்கி உரிமைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். கிளையோ என்ற ஊரிலும் இதே போல ஒரு வழக்கு. துப்பாக்கியோடு பிள்ளையை அழைத்துப்போக வந்த தகப்பனைத் தொடக்கப் பள்ளிக்குள் விடவில்லை, அதுதான் அங்கே பிரச்சினை.

இந்த வழக்குகளைப் படிக்கப் படிக்க எனக்கு ஒன்று உறைத்தது. துப்பாக்கி நல்லதா கெட்டதா என்ற கேள்வி நீதிமன்றத்தில் பெரும்பாலும் வருவதே இல்லை. தடை போட்டவருக்கு அந்த அதிகாரம் உண்டா என்றுதான் முதலில் கேட்கிறார்கள்.

லோபஸ் வழக்கைப் பாருங்கள். 1992 மார்ச்சில் டெக்சாஸ் மாநிலம் சான் ஆன்டோனியோவில் லோபஸ் என்ற பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் .38 ரகக் கைத்துப்பாக்கியும் ஐந்து தோட்டாக்களுமாகப் பள்ளிக்கு வந்தான். யாரோ பெயர் சொல்லாமல் தகவல் கொடுக்க, பிடிபட்டான். இன்னொருவன் கையில் அதைச் சேர்த்தால் அவனுக்கு 40 டாலர் கிடைக்கும். துப்பாக்கி போய்ச் சேர இருந்தது ஒரு கும்பல் சண்டைக்கு. 1990இல் அமெரிக்க நாடாளுமன்றம் போட்ட பள்ளி வளாகத் துப்பாக்கித் தடைச் சட்டத்தின்படி அவனுக்கு ஆறு மாதச் சிறை. 1995இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அந்தச் சட்டத்தையே செல்லாது என்றது. பையன் செய்தது சரி என்று அங்கே எவரும் சொல்லவில்லை. மாநிலங்களுக்கு இடையிலான வணிகத்தை ஒழுங்குபடுத்தத்தான் நாடாளுமன்றத்துக்கு அதிகாரம், வகுப்பறைக்குள் துப்பாக்கி வைத்திருப்பது வணிகமாகாது என்றார்கள். அடுத்த ஆண்டே நாடாளுமன்றம் சில சொற்களைச் சேர்த்து அந்தச் சட்டத்தைத் திரும்பக் கொண்டுவந்தது. மாநிலங்களுக்கு இடையே கைமாறிய துப்பாக்கி என்று அரசுத் தரப்பு நிரூபித்தால் போதும். அந்தச் சில சொற்களின் பலத்தில்தான் அது இன்றைக்கும் நிற்கிறது.

2008இல் ஹெல்லர் தீர்ப்பு வந்தது. வீட்டில் தற்காப்புக்குத் துப்பாக்கி வைத்திருப்பது தனி மனித உரிமை என்று முதல் முறையாக உச்ச நீதிமன்றம் சொன்ன தீர்ப்பு அது. எழுதியவர் நீதிபதி ஸ்கலியா. அதே தீர்ப்பில், பள்ளிகள், அரசுக் கட்டடங்கள் போன்ற கூடுதல் கவனம் தேவைப்படும் இடங்களில் உள்ள தடைகளை இது அசைக்காது என்றும் எழுதினார். ஏன் அசைக்காது என்று அவர் விளக்கவில்லை. நம் பிள்ளைகளின் பள்ளி வாசலில் ஒட்டியிருக்கும் தடைப் பலகைக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிற பெரிய ஆதாரம் அந்த ஒற்றை வாக்கியம்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

2022இல் உச்ச நீதிமன்றத்தின் புருயன் தீர்ப்பு. துப்பாக்கிக் கட்டுப்பாடு எதுவானாலும் இந்த நாட்டின் பழைய வழக்கத்தில் அதற்கு முன்மாதிரி காட்ட வேண்டும் என்றார்கள். அன்று முதல் வழக்கறிஞர்கள் பழைய ஆவணங்களைத் தூசி தட்டிக்கொண்டிருக்கிறார்கள். அவர்கள் கையில் கிடைத்த ஒன்று 1824ஆம் ஆண்டு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தின் விதி. வளாகத்துக்குள் மாணவர் மது வைத்திருக்கக் கூடாது, எந்த வகை ஆயுதமும் கூடாது, வெடிமருந்து கூடாது, வேலைக்காரன், குதிரை, நாய் எதுவும் கூடாது. அந்த விதியைப் போட்ட குழுவில் இருந்தவர்கள் ஜெஃபர்சனும் மேடிசனும். துப்பாக்கி உரிமையைச் சொல்லும் அரசியலமைப்பின் இரண்டாம் திருத்தத்தை வரைந்த அதே மேடிசன்தான்! எதிர்த் தரப்பும் சும்மா இருக்கவில்லை. அது மாணவருக்குப் போட்ட விதி, வெளியிலிருந்து வரும் பெரியவரை எப்படிக் கட்டுப்படுத்தும் என்று கேட்கிறது. கேள்வியில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினேழு வயதுப் பையன் கையில் ஆயுதம் வேண்டாம் என்று நினைத்தவர்கள், அவன் பக்கத்தில் உட்காரும் அந்நியன் கையில் இருக்கட்டும் என்றா நினைத்திருப்பார்கள்?

நம் ஊர்க் கதைக்கு வருகிறேன். 2018 ஜூலையில் மிஷிகன் உச்ச நீதிமன்றம் பள்ளிகளின் பக்கம் தீர்ப்புச் சொன்னது. நான்குக்கு மூன்று. காரணம் என்ன தெரியுமா? துப்பாக்கி பற்றி உள்ளூர் அமைப்புகள் விதி போடக் கூடாது என்கிற மாநிலச் சட்டத்தில் நகரம், கிராமம், டவுன்ஷிப், கவுண்டி என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் பள்ளி மாவட்டம் இல்லை. அதனால் பள்ளி வாரியம் தடை போடலாம்.

நம் மாநிலத் தலைநகர் லான்சிங்கில் பொது நூலகத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. துப்பாக்கியை வெளிப்படையாக ஏந்தி உள்ளே வந்தவர்களை நூலகம் தடுத்தது. 2012இல் மேல்முறையீட்டு நீதிமன்றம், இது நகரமும் கவுண்டியும் சேர்ந்து உண்டாக்கிய நூலகம், ஆகவே தடை செல்லாது என்றுவிட்டது. யோசித்துப் பாருங்கள். மூன்று மணிக்குப் பள்ளி விடுகிறது. அதே குழந்தை, அதே புத்தகப் பையோடு நூலகத்துக்குப் போய்ப் படக்கதைப் புத்தகம் தேடுகிறது. பள்ளி வாசலில் வேண்டாம் என்று சொல்ல ஆள் உண்டு. நூலகருக்கு அந்த வாய் இல்லை.

மாநிலச் சட்டமன்றக் கட்டடமும் தப்பவில்லை. 2020 ஏப்ரல் 30 அன்று கொரோனா ஊரடங்கை எதிர்த்து வந்தவர்கள் நீளத் துப்பாக்கிகளோடு செனட் மாடத்தில் நின்றார்கள். கீழே சில உறுப்பினர்கள் குண்டு துளைக்காத அங்கி அணிந்து உட்கார்ந்திருந்தார்கள். சட்டம் இயற்றுகிற இடத்தில்! வெளிப்படையாகத் துப்பாக்கி ஏந்தி வருவதைத் தடுக்க அங்கே 2021 ஜனவரி வரை ஆயிற்று.

பட்டியலில் ஒரு சொல் விடுபட்டதால் பள்ளி தப்பித்தது. சட்டமன்றத்தில் யாராவது நாளை அந்தச் சொல்லைச் சேர்த்தால் வாரியத்தின் அதிகாரம் போய்விடும். "நூலகம்" என்று ஒரு விலக்கு எழுதினால் நூலகருக்கு அதிகாரம் வந்துவிடும். இரண்டுக்கும் நீதிமன்றம் போக வேண்டியதில்லை. உங்கள் மாநில உறுப்பினரின் அலுவலகத்துக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். குடியுரிமை இல்லாதவர்களும் எழுதலாம், உங்கள் பிள்ளையும் அந்த நூலகத்துக்குத்தான் போகிறது. பள்ளி வாரியக் கூட்டத்தில் பொதுமக்கள் பேசச் சில நிமிடம் ஒதுக்குகிறார்கள். அடுத்த கூட்டத்துக்கு நான் போகிறேன். என்னோடு வருகிறவர்கள் பின்வரிசை மேசையில் உள்ள தாளில் பெயர் எழுதிவிட்டுப் போங்கள்.