கை வியர்வை ஆபரேஷனுக்குப் பிறகு நெஞ்சும் முதுகும் ஏன் வலிக்கின்றன?

[திரையில்: மார்புக்கூட்டின் படம். அக்குளுக்குக் கீழே சிறு துளைகள்.]

வணக்கம். பரீட்சைத் தாள் நனைகிற அளவுக்கு உள்ளங்கை வியர்ப்பவர்களுக்கு, மற்ற சிகிச்சைகள் கைகொடுக்காதபோது செய்கிற ஆபரேஷன் ஈ.டி.எஸ். இதில் கையைத் தொடுவதே இல்லை. அக்குளுக்குக் கீழே துளை போட்டு, கேமராவை உள்ளே விட்டு, முதுகெலும்பை ஒட்டி ஓடும், கையை வியர்க்கவைக்கும் சிம்பதெடிக் நரம்பைத் துண்டிக்கிறார்கள், அல்லது கிளிப் போடுகிறார்கள். பலருக்கு மயக்கம் தெளியும்போதே கை உலர்ந்திருக்கும். ஆனால் நெஞ்சு வலிக்கும்.

[திரையில்: இரண்டு விலா எலும்புகள், நெருக்கத்தில்.]

கருவி நுழைவது விலா எலும்புகளுக்கு நடுவில். ஒவ்வொரு விலா எலும்பின் கீழ் விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. கருவி அதை அழுத்திவிடும். அதனால்தான் மூச்சை இழுத்தாலும், தும்மினாலும், ஏன், சிரித்தாலும் சுருக்கென்று குத்துகிறது. மேல் முதுகிலும் வலி இருக்கும்.

காயம்பட்ட இடத்தில் புரோஸ்டாகிளாண்டின் என்ற வேதிப்பொருள் உருவாகி வீக்கத்தையும் வலியையும் கூட்டுகிறது. இபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் போன்ற வலி மாத்திரைகள் அது உருவாவதையே தடுக்கின்றன. ஆஸ்பிரின் இப்படித்தான் வேலை செய்கிறது என்று 1971இல் காட்டிய விஞ்ஞானி ஜான் வேனுக்கு 1982இல் நோபல் பரிசு கிடைத்தது.

பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளாதீர்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சு விட்டால் நுரையீரல் சரியாக விரியாது, சளி தேங்கும், நிமோனியாகூட வரலாம். முதல் சில நாள், வலி ஏறும்வரை காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நேரத்துக்குச் சாப்பிட்டுவிட்டு மாத்திரை போடுங்கள். வலி அடங்கியதும் தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நன்றாக மூச்சை இழுத்து விடுங்கள், இருமுங்கள். மாத்திரையே இதற்காகத்தான்.

[திரையில்: இரண்டு மாத்திரை அட்டைகளின் பின்பக்கம்.]

அட்டையின் பின்பக்கத்தைப் படியுங்கள். காம்பிஃபிளாமில் இபுபுரோஃபெனோடு பாராசிட்டமாலும் இருக்கிறது. டோலோவும் பாராசிட்டமால்தான். தெரியாமல் இரண்டையும் போட்டால் அளவு கூடிவிடும். டைக்ளோஃபினாக்கையும் இபுபுரோஃபெனையும் சேர்த்துப் போடவே கூடாது. அல்சர், சிறுநீரகக் கோளாறு, இதய நோய், ஆஸ்துமா இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மருந்து எடுத்தாலோ, ஆபரேஷனுக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அப்புறம், இந்த ஆபரேஷனுக்குப் பிறகு உடலின் மற்ற பாகங்களில் வியர்வை கூடலாம். அப்படிக் கூடியிருந்தால் தண்ணீர் நிறையக் குடியுங்கள். உடலில் நீர் குறைந்திருக்கும்போது இந்த மாத்திரைகள் சிறுநீரகத்தைப் பாதிக்கலாம்.

எரிச்சலும் மரத்துப்போன உணர்வும் வாரக்கணக்கில் நீடித்தால் அது நரம்பு வலி. இந்த மாத்திரைகள் அதற்குப் பெரிதாகக் கேட்காது. வேறு மருந்து இருக்கிறது, டாக்டரைப் பாருங்கள். திடீரென்று ஒரு பக்க நெஞ்சு வலித்து மூச்சு திணறினால், நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்ந்திருக்கலாம். அப்போது அடுத்த மாத்திரைக்கு நேரமாகிறதா என்று பார்க்காமல் உடனே எமர்ஜென்சிக்குப் போங்கள்.